மிச்சம் மீதி வேண்டாம்... நாய்க்குத் தனிச் சட்டி! திண்டுக்கல் வீடுகளுக்கு ஒரு சாப்பாட்டுக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு திண்டுக்கல்லில் எந்தத் தெருவுக்குள் போனாலும் இதைப் பார்க்கலாம். சாப்பாடு முடிந்திருக்கும். தட்டோரம் ஒதுக்கிய எலும்பு, அண்டாவின் அடியில் ஒட்டிய சீரக சம்பா சோறு, கொஞ்சம் தால்சா எல்லாம் ஒரே கிண்ணத்தில் சேரும். கொல்லைப்புறத்தில் கட்டியிருக்கும் நாய் வாலை ஆட்டத் தொடங்கிவிடும். "பாவம், வாரம் பூரா வெறும் சோறுதானே திங்குது. இன்னிக்கு ஒரு நாளாவது நல்லா சாப்பிடட்டும்" என்று அப்பத்தா சொல்வார்.

அப்பத்தாவின் அன்பில் குறையே இல்லை. அந்தக் கிண்ணத்துக்குள் இருப்பதுதான் பிரச்னை. சின்ன வெங்காயம், பூண்டு, நெய், உப்பு, வெந்த எலும்பு என நாய்க்கு ஆகாத ஐந்தும் ஒரே தட்டில் வந்துவிடுகின்றன.

"வீட்டுச் சாப்பாடுதான் நாய்க்கு நல்லது" என்று சொல்பவர்கள் இப்போது நிறைய. கடையில் விற்கும் நாய் உணவின் விலையைப் பார்த்தால் அந்த எண்ணம் வருவது நியாயமும்கூட. ஆனால் நமக்குச் சமைத்ததில் மிஞ்சியதைப் போடுவதும், நாய்க்கென்று சமைப்பதும் வேறு வேறு. இந்த வாரம் பார்க்கப்போவது அந்த வித்தியாசத்தைத்தான்.

சின்ன வெங்காயம் செய்யும் பெரிய வேலை

திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் பக்கம் சின்ன வெங்காயம் இல்லாத சமையலே கிடையாது. சாம்பார், கறிக்குழம்பு, பிரியாணி எல்லாவற்றுக்கும் அதுதான் ருசி. நாயின் உடம்புக்கு அதே வெங்காயம் விஷம்.

வெங்காயத்தில் கந்தகம் கலந்த சில வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அணுக்கள் உடைய உடைய ரத்தசோகை வரும். பச்சையாகப் போட்டாலும், வதக்கினாலும், குழம்பில் கரைந்தே போனாலும் இந்தக் குணம் மாறாது. "வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துட்டுத்தான் போட்டேன்" என்பது உதவாது. அதன் சாறு ஏற்கெனவே குழம்பில் இறங்கியிருக்கும்.

எவ்வளவு தின்றால் ஆபத்து? நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே ரத்தத்தில் பாதிப்பு தெரியும் என்கின்றன கால்நடை மருத்துவ நூல்கள். ஐந்து கிலோ பொமரேனியன் ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 75 கிராம், அதாவது எட்டு, பத்து சின்ன வெங்காயம். கைப்பிடி அளவுதான். ஒரே நாளில் அவ்வளவும் போக வேண்டும் என்றும் இல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் பாதிப்பு சேரும்.

அறிகுறி அன்றே தெரியாது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். இரண்டு, மூன்று நாள் கழித்தோ, அதற்கும் பிறகோதான் நாய் சோர்ந்து படுக்கும். ஈறு வெளுக்கும். சிறுநீர் செம்பழுப்பாகப் போகும். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை வீட்டில் எல்லோரும் மறந்திருப்பார்கள். வெயில் என்பார் ஒருவர், உண்ணிக் காய்ச்சல் என்பார் இன்னொருவர்.

மலைப்பூண்டு வேண்டாம், மலை வாழை சரி

பூண்டும் வெங்காயத்தின் இனம்தான். அளவுக்கு அளவு பார்த்தால் வெங்காயத்தைவிட வீரியம் அதிகம். ஆனாலும் "வயித்துப் பூச்சிக்குப் பூண்டு குடு", "பூண்டு போட்டா உண்ணி ஏறாது" என்ற வைத்தியம் பல வீடுகளில் இன்னும் ஓடுகிறது. பூச்சிக்கும் உண்ணிக்கும் மாத்திரை, சொட்டு மருந்து எல்லாம் இருக்கின்றன. எடை பார்த்து மருத்துவர் கொடுப்பார். பூண்டை நம்பினால் பூச்சியும் போகாது, ரத்தமும் போகும்.

திண்டுக்கல் மாவட்டத்தின் இரண்டு மலைப் பொருள்களுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஒன்று கொடைக்கானல் மலைப்பூண்டு. இன்னொன்று சிறுமலை, விருப்பாட்சி வட்டாரத்து மலை வாழைப்பழம். நாய்க்கு முதலாவது ஆகவே ஆகாது. இரண்டாவதில் இரண்டு வில்லை வெட்டிக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. பிஸ்கட்டுக்குப் பதில் அதைக் கொடுக்கலாம். கொடைக்கானல் போய்வந்தவர்கள் கொண்டு வரும் சாக்லேட் வேறு கதை. கறுப்பு அதிகமாக அதிகமாக ஆபத்தும் அதிகம். நாயின் வாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

திராட்சையும் புளியும்

சிறுமலை அடிவாரத்தில் வெள்ளோடு, ஜாதிக்கவுண்டன்பட்டி பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டங்கள் உண்டு. சீசனில் வீட்டுக்கு வீடு பழம் இருக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. எல்லா நாய்க்கும் ஒரே மாதிரி ஆகாது. ஒரு நாய் பத்துப் பழம் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும், இன்னொன்று நாலு பழத்தில் விழுந்துவிடும். அதனால்தான் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று யாரும் அளவு சொல்வதில்லை. பாயசத்தில் வறுத்துப் போடும் திராட்சைக்கும் இது பொருந்தும்.

திராட்சையில் எது நாயைப் பாதிக்கிறது என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் விலங்குகளின் நச்சுப் பாதிப்பைக் கவனிக்கும் மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தை நோக்கி விரல் நீட்டினார்கள். அவர்களுக்குத் துப்புக் கொடுத்தவற்றில் ஒன்று நம்ம ஊர்ப் புளி! புளி தின்ற நாய்களுக்கும் திராட்சை தின்றவற்றைப் போலவே சிறுநீரகம் பழுதானதைப் பார்த்து, இரண்டிலும் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடினார்கள். இரண்டிலும் இந்த அமிலம் நிறைய உண்டு. இது 2022-ல் கால்நடை அவசர சிகிச்சை ஆய்விதழ் ஒன்றில் கட்டுரையாக வந்தது.

ரசம் நக்கிய நாயெல்லாம் செத்துவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் புளிக்குழம்பும் சாம்பாரும் ஊற்றிப் பிசைந்த சோறுதான் தினசரி உணவு என்றால் மாற்றிக்கொள்ள இது போதுமான காரணம். சாம்பாரில் வெங்காயமும் சேர்ந்தே இருக்கிறது. புளி உருண்டையை நாய் எடுத்துக்கொண்டு ஓடாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெந்த எலும்பு குத்தும்

"நாய்க்கு எலும்பு போடக்கூடாதுன்னா என்னங்க நியாயம்?" என்று கேட்பவர்கள் உண்டு. வெந்த எலும்பு காய்ந்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது. கடித்தால் ஊசி ஊசியாகப் பிளக்கும், கோழி எலும்பு குறிப்பாக. அந்தச் சில்லு தொண்டையில் மாட்டலாம், குடலைக் கிழிக்கலாம். மலத்தோடு சேர்ந்து இறுகி, மலம் கழிக்க முடியாமல் நாய் கத்தவும் வைக்கலாம். எல்லாம் மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை வரை போகிற விவகாரம்.

கொழுப்பும் அப்படித்தான். கறிக்கடையில் "நாய்க்கு" என்று கேட்டால் தோல், கொழுப்பு, கழுத்து எல்லாம் ஒரு கவரில் வரும். அதை அப்படியே வேகவைத்து ஒரே நாளில் போட்டால் சில நாய்களுக்குக் கணையம் வீங்கிவிடும். வாந்தி, வயிற்று வலி, முதுகை வளைத்துக்கொண்டு நிற்பது எல்லாம் அதன் அடையாளம். குண்டாக இருக்கும் நாய்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

அந்தக் காலத்து நாயெல்லாம் கூழ்தானே குடிச்சது?

நல்ல கேள்வி. வேடசந்தூர், வடமதுரை, குஜிலியம்பாறை பக்கத்து மானாவாரிக் காடுகளில் கம்பங்கூழும் சோளச்சோறும்தான் ஆளுக்கும் நாய்க்கும். பக்கத்துத் தேனி மாவட்டத்தின் கோம்பை, விருதுநகர் பக்கத்து ராஜபாளையம், சிப்பிப்பாறை இனங்களும் தானியம் தின்று வளர்ந்தவையே.

நாய் தானியத்தைச் செரிக்கும் என்பதற்கு அறிவியலிலும் சான்று உண்டு. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள் மட்டுமே இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 வரை இருந்தன. மனிதன் போட்ட சோற்றைத் தின்று தின்றே நாய் அதற்குப் பழகியிருக்கிறது. ஆகவே "நாய்க்குச் சோறே போடக்கூடாது, கறி மட்டும்தான்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

ஆனால் காட்டு நாய் கூழை மட்டும் நம்பி இருக்கவில்லை. கட்டாமல் விட்டிருப்பார்கள். எலி பிடிக்கும், முயல் துரத்தும், கிடையில் செத்த ஆட்டையும் தின்னும். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதற்கு வெளியே கிடைத்தன. இன்று மொட்டை மாடியிலும் கேட்டுக்குள்ளும் இருக்கிற நாய்க்கு நாம் வைப்பதைத் தவிர வேறு கதி இல்லை. தட்டில் எது இல்லையோ அது அதன் உடம்பிலும் இருக்காது.

வெறும் பால் சோறு, வெறும் தயிர் சோறு என்று வளரும் நாய்க்குப் புரதம் போதாது. முடி கொட்டும், தசை வற்றும், வயிறு மட்டும் தெரியும். மறுபக்கம், "எங்க வீட்டு நாய் கறி மட்டும்தான் சாப்பிடும்" என்று பெருமைப்படுபவர்களும் கவனிக்க வேண்டும். கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. எலும்பில்லாத கறியை மட்டுமே தின்றால், ரத்தத்துக்குத் தேவையான கால்சியத்தை உடம்பு தன் சொந்த எலும்பிலிருந்தே உருவும். குட்டிகளுக்குக் கால் வளைவதும், லேசாகக் குதித்தாலே எலும்பு முறிவதும் இதனால்தான்.

தாளிப்புக்கு முன்னாடி எடுத்து வையுங்கள்

நாய்க்குத் தனியாகச் சமைப்பது பெரிய வேலை என்று நினைக்க வேண்டாம். குக்கரில் சோறு வைக்கும்போது மேல் அடுக்குப் பாத்திரத்தில் நாயின் பங்கு கறியும் காயும் வெந்துவிடும். கறி வாங்கி வந்ததும் மசாலா தடவுவதற்கு முன்பே ஒரு கைப்பிடி தனியே எடுத்துவிடுங்கள். சட்டியில் வெங்காயம் விழுவதற்கு முன் நாயின் பங்கு தனியாகிவிட வேண்டும். வேறு எது மறந்தாலும் இது ஒன்றை மறக்காதீர்கள்.

பத்து கிலோ எடையுள்ள, நோய் எதுவும் இல்லாத, வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமாராக 600 கலோரி தேவைப்படும். அதற்கு ஒரு மாதிரித் தட்டு இது. வெந்த சோறு 200 கிராம். தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழிக்கறி 120 கிராம். அவித்த முட்டை ஒன்று. கேரட், பீன்ஸ், மஞ்சள் பூசணி, சுரைக்காய் இவற்றில் ஏதாவது ஒன்று குழைய வெந்தது 50 கிராம். சமையல் எண்ணெய் ஒரு டீஸ்பூன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வரும் காயில் விலை மலிந்தது எதுவோ அதை வாங்குங்கள், வெங்காயத்தைத் தவிர. மொத்தத்தையும் பிசைந்து காலை, மாலை என இரண்டாகப் பிரித்து வைக்கலாம்.

கால்சியத்துக்கு முட்டை ஓடு இருக்கிறது. ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் மாவு போல அரைத்து டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டீஸ்பூன் தூளில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் உண்டு. மேலே சொன்ன தட்டுக்குக் கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் கூடுதலாகப் போட்டால் போதும். நறநறவென்று இருந்தால் இன்னும் ஒரு சுற்று அரைக்க வேண்டும்.

கோழி ஈரலை வாரம் இரண்டு முறை, ஒரு சின்னத் துண்டு கறிக்குப் பதிலாக வைக்கலாம். மலிவு, சத்தும் அதிகம். தினமும் ஈரல் என்று போனால் வைட்டமின் ஏ அளவு மீறிவிடும். சைவ வீடுகளில் முட்டை, பனீர், தயிர் வைத்துப் புரதத்தை ஏற்றலாம். முட்டையும் ஆகாது என்றால் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

நம் நாக்குக்கு உப்பு சரியாக இருந்தால் நாய்க்கு அது அதிகம். மிளகாய், மசாலா எதுவும் தேவையில்லை. நாய்க்கு வாசனைதான் முக்கியம், கறி வெந்த தண்ணீரை மேலே ஊற்றினாலே கிண்ணத்தை நக்கி முடிக்கும். மூன்று நாளுக்கு மேல் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். திண்டுக்கல் வெயிலில் காலையில் வைத்த சோறு மதியம்வரை கிண்ணத்திலேயே கிடக்கக் கூடாது. அரை மணி நேரத்தில் தின்னவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

அளவு சரியா என்று அறிய விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். டீக்கடைப் பொறையும் பிஸ்கட்டும் கணக்கில் சேரும். நொறுக்குத்தீனி எல்லாம் சேர்ந்து அன்றாடக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

இதுவரை கடை உணவு தின்ற நாய் என்றால் ஒரேயடியாக மாற்றாதீர்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால் என்று ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வயிற்றுப்போக்குதான்.

200 ரெசிப்பிகள், தேறியது சில

இத்தனையும் சொன்ன பிறகு ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மேலே இருக்கும் தட்டும் முழுமையானது இல்லை. துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் இ எல்லாம் சோறு-கறி-முட்டையில் இருந்து நாய்க்கு வேண்டிய அளவு வந்துவிடாது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தின் கால்நடை மருத்துவர்கள் 2013-ல் புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 வீட்டு நாய் உணவுக் குறிப்புகளை எடுத்துச் சோதித்தார்கள். அவற்றில் 95 சதவிகிதக் குறிப்புகளில் அவசியமான சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. 83 சதவிகிதத்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட சத்துகள் குறைவு. எழுதியவர்களில் கால்நடை மருத்துவர்களும் உண்டு! ஆக, யூடியூபில் பார்த்த ரெசிப்பியை வைத்து வருடக்கணக்காக ஓட்டுவது சரிவராது.

இதற்கு வழி எளிது. எதை, எவ்வளவு வைக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டுச் சாப்பாடு தின்னும் நாய்க்கென்று சேர்க்கும் சத்து மருந்தை எடைக்குத் தகுந்தபடி எழுதிக்கொடுப்பார். தடுப்பூசிக்குப் போகிற நாளிலேயே இதையும் கேட்டுவிடலாம். அதுவும் முடியாது என்றால் பாதி வீட்டுச் சாப்பாடு, பாதி தரமான கடை உணவு என்று வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடை உணவு என்றாலே விஷம் என்று பேசுவது மிகை.

குட்டிகளுக்கு மட்டும் வீட்டுச் சமையலை நம்பி இறங்காதீர்கள். லாப்ரடார், ராட்வைலர் மாதிரி பெரிதாக வளரும் இனங்களுக்குக் கால்சியம் குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். பால் பவுடரும் கைக்குழந்தைக்கான டின் மாவும் குட்டி நாய்க்கு உரியவை அல்ல. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் உள்ள நாய்களுக்கும், சினையாக இருக்கும் நாய்க்கும் தனிக் கணக்கு உண்டு. அதை மருத்துவர்தான் போட வேண்டும்.

தெருநாய்க்கு வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இலையோடு பிரியாணியைத் தெருவில் கொட்டுவது புண்ணியம் ஆகாது. எலும்பைப் பொறுக்கிவிட்டு, வெறும் சோற்றில் ஒரு முட்டை பிசைந்து, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வையுங்கள். பள்ளிக்கூட வாசலும் வீட்டுப் படிக்கட்டும் அதற்கான இடம் இல்லை. நாய்களுக்கு உணவு வைக்கத் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது.

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

திராட்சை, சாக்லேட், நிறைய வெங்காயம் இவற்றை நாய் தின்றதைப் பார்த்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். முதல் ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குள் போனால் மருத்துவர் வாந்தி எடுக்கவைத்து வெளியேற்ற வாய்ப்பு உண்டு. உப்புக் கரைசல் ஊற்றி வீட்டிலேயே வாந்தி எடுக்கவைக்கும் வேலை வேண்டாம், அந்த உப்பே நாயைக் கொல்லும்.

சோர்வு, வெளுத்த ஈறு, செம்பழுப்புச் சிறுநீர் மூன்றும் உண்ணிக் காய்ச்சலுக்கும் வரும், வெங்காயத்துக்கும் வரும். பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்வது கடினம். ஒரு சொட்டு ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு என்பதால் கடந்த ஒரு வாரத்தில் நாய் என்னென்ன தின்றது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். "ஒண்ணும் வைக்கலையே, வீட்டுச் சாப்பாடுதான்" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தக் குழம்பு, எத்தனை நாள், கூட எலும்பு போனதா என்பதையும் சொல்லுங்கள். வீட்டில் வேறு யாராவது நமக்குத் தெரியாமல் ஊட்டியிருந்தால், மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் அதையும் கேட்டுக்கொண்டு போங்கள்.